முப்பத்தேழாம் பொதியில் நீல நூல்

இப்போதெல்லாம் யாருக்கும் எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரிவதில்லை. வயிற்று வலி வந்தாலும் போனில் போடுகிறார்கள், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனாலும் போனில் போடுகிறார்கள். ஆட்டு மயிர் கத்தரிக்க வந்த இடத்தில் டீக்கு உட்கார்ந்தால், இருபத்திரண்டு வயதுப் பயல் ஒருவன் தன் மனசு எங்கெங்கே நொந்திருக்கிறது என்று அரை மணி நேரம் விளக்குகிறான். மற்றவர்கள் கேக்கைக் கடித்தபடி தலையாட்டுகிறார்கள். நெவில் கார்மொடிக்கு இதெல்லாம் ஆகாது. பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கம்பளிக் கொட்டகைக்கு வந்தவர், இப்போது அறுபத்தெட்டு. அவர் வந்த காலத்தில் ஒருவன் பத்து வருஷம் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பான், அவனுக்கு எத்தனை பிள்ளை என்றுகூடத் தெரியாது. அதனால் ஒரு ஆடும் கத்தரிக்கப்படாமல் திரும்பிப் போனதில்லை.

அப்படிப்பட்டவர் கண்ணில்தான் லோர்னா பிக்கெட்டின் விஷயம் முதலில் பட்டது. அவள் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை. பட்டது, அவ்வளவுதான்.

டகன் என்ற ஒப்பந்தக்காரரின் குழுவில் அவர்கள் ஒன்பது பேர். பண்ணை பண்ணையாகப் போய்க் கத்தரித்துக் கொடுப்பார்கள். லோர்னா கம்பளியைத் தரம் பிரிப்பவள். ஐம்பத்தொன்பது வயது, ஒல்லியான உடம்பு, கட்டையாக வெட்டிய நரை முடி. ஆட்டின் மேலிருந்த மயிர் கலையாமல் ஒரே விரிப்பாக அவள் மேசையில் வந்து விழும். அதில் ஒரு கொத்தைப் பிடுங்கி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, காதருகே வைத்துச் சுண்டுவாள். நல்ல இழை கணீரென்று நிற்கும். வறட்சி வருஷத்து இழை நடுவில் அறும். அந்தச் சத்தத்தை வைத்தே இது எந்தத் தொட்டிக்கு என்று சொல்லிவிடுவாள். தொட்டி நிறைந்ததும் அள்ளி இயந்திரத்தில் போட்டு அழுத்திப் பொதியாக்குவது நெவிலின் வேலை. கடைசியில் பொதியின் மேல் லோர்னாவின் தகட்டை வைத்து மை தடவுவார். தகரத்தில் வெட்டிய எண் அது. படித்து, பரீட்சை எழுதி, பதிவு செய்து வாங்கியது. முப்பத்தொரு வருஷமாக அவளுடையது. பொதி கப்பலேறிப் போய் எந்த தேசத்து ஆலையில் பிரிக்கப்பட்டாலும், உள்ளே இருப்பதற்கெல்லாம் அந்த எண்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதனால் அவள் கெடுபிடிக்காரி. எந்தக் கொட்டகைக்குப் போனாலும் முதல் வேலையாகக் கதவில் ஒரு அட்டையை ஆணியடித்து மாட்டுவாள். அவளே எழுதியது: ‘வெள்ளைத் துண்டு மட்டும். கயிறு, நூல், சாயம் போட்ட துணி எதுவும் கொட்டகைக்குள் வரக்கூடாது. யாராயிருந்தாலும்.’ ஒரு சாய நூல் உள்ளே போனால் போதும். ஆலையில் சீவும்போது அது நூறாகப் பிரிந்து, வெள்ளைத் துணி முழுக்கக் கோடு கோடாக ஓடும். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு தடியன் சிவப்புக் குல்லாயோடு வந்தான். லோர்னா குல்லாயைத் தலையிலிருந்து உருவி நேரே டீ அடுப்பில் போட்டாள். நெவிலுக்கு அவளிடம் பிடித்ததே அதுதான்.

ராவிரி அந்த ஜூன் மாதம் வந்து சேர்ந்தான். நியூசிலாந்துப் பூர்வகுடியான மவோரிப் பையன். இருபத்தெட்டு வயது. கதவை முட்டிக்கொண்டு நுழையும் தோள். ஆட்டை அவன் பிடித்தால் அது துள்ளாது. தூங்கப் போகிற குழந்தை மாதிரி அவன் முழங்காலில் சாய்ந்துகொள்ளும். கத்தரிப்பவர் வரிசையில் மேசைக்கு மிக அருகில் இருந்த நான்காவது இடத்தை டகன் அவனுக்குக் கொடுத்தார்.

முதல் நாளே உள்ளே வந்து எல்லோருக்கும் கை கொடுத்தான்.

“குட் மார்னிங் ஆன்ட்டி. குட் மார்னிங் அங்கிள்.”

“நான் உனக்கு எந்த வழியில அங்கிள்?” என்றார் நெவில்.

“வயசு வழியில அங்கிள்.”

கொட்டகையே சிரித்தது. லோர்னாவும் சிரித்தாள். நெவில் அவளோடு இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறார். காலை ஏழரை மணிக்கு, முதல் டீக்கு முன்னால், அவள் சிரித்து அவர் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு அவர் கவனிக்க ஆரம்பித்தார். சந்தேகப்படுகிற குணம், சும்மா இருக்க விடாது. லோர்னாவுக்குக் கிட்டத்துப் பார்வைக்குக் கண்ணாடி உண்டு. மயிரில் இருக்கும் கறையும் கறுப்பு இழையும் அது இல்லாமல் தெரியாது. ராவிரி மேசைப் பக்கம் வந்தால் அவள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வாள். அவன் இடத்துக்குத் திரும்பிய பிறகும் சில நேரம் அது பைக்குள்ளேயே கிடக்கும். சமையல்காரர் அனுப்பும் பழக் கேக்கில் ஓரத்துண்டுதான் ராவிரிக்குப் பிடிக்கும். ஓரத்துண்டு இரண்டு, தினமும் தட்டில் தனியாக ஒதுங்கிக் கிடக்கும். யார் ஒதுக்கியது என்று அவன் கேட்டதே இல்லை. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே யாராவது ஒதுக்கிவைத்திருப்பார்கள் போல.

லோர்னாவின் புருஷன் கென் செத்து ஒன்பது வருஷம். நெஞ்சு வலி, டிராக்டர் மேலேயே போய்விட்டான். அவள் ஒரு வாரம் வீட்டில் இருந்தாள், மறு வாரம் கொட்டகைக்கு வந்து தகட்டைத் துடைத்து வைத்தாள். அதோடு முடிந்தது என்றுதான் நெவில் நினைத்திருந்தார். ஒரு வயதுக்கு மேல் அதெல்லாம் உலர்ந்து போய்விடும், தனக்கு உலர்ந்த மாதிரி.

ஜூலை மாதம் அவர்கள் பூலிகல் பக்கத்துப் பெரிய பண்ணைக்கு மாறினார்கள். ஏழு வார வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம், தங்கும் விடுதி வாசலில் வெயிலுக்கு நாற்காலி போட்டு லோர்னா பின்னிக்கொண்டிருந்தாள். நெவில் தன் துணிகளைக் கொடியில் போட வந்தவர் நின்று பார்த்தார். நல்ல நீலம். மயில் கழுத்து மாதிரிப் பளிச்சென்று கண்ணை அடிக்கும் நீலம்.

“யாருக்கு?”

“பேரனுக்கு.”

“உன் பேரனுக்கு நாலு வயசுதானே?”

“ஆமா.”

“நாலு வயசுப் பயலுக்கு இம்மாம் பெரிய தோளா? என்ன தீனி போடுறா உன் மக?”

லோர்னா ஊசியை நிறுத்தவில்லை. காது மட்டும் சிவந்தது.

“நெவ், உன் சட்டையைப் பிழிஞ்சு போடு. தண்ணி சொட்டுது.”

“வெள்ளையிலயாவது பின்னித் தொலையேன். நம்ம பொழப்புக்கு எதுக்கு நீலம்?”

“வெள்ளை அழுக்காகும்,” என்றாள்.

முப்பத்தொரு வருஷம் வெள்ளையைத் தொட்டே வாழ்ந்தவள் சொல்கிற பேச்சா இது? நெவில் துணியைக் கொடியில் வீசிவிட்டுப் போய்விட்டார்.

ஸ்வெட்டரை அவள் ஒரு புதன்கிழமை காலை, எல்லோரும் காபிக் கோப்பையோடு நிற்கும்போது கொடுத்தாள். தனியாகக் கொடுத்தால் வேறு மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள். “சும்மா, கையில நூல் மிச்சம் இருந்துச்சு,” என்றாள்.

ராவிரி அங்கேயே மாட்டிக்கொண்டான். அளவு கச்சிதமாக இருந்தது. அளவெடுக்காமல் பின்னியது.

“ஆன்ட்டி! எங்கம்மாவுக்கு அப்புறம் எனக்குன்னு பின்னினது நீங்கதான்.” அவள் இரண்டு தோளையும் பிடித்து, குனிந்து, தன் நெற்றியை அவள் நெற்றியில் வைத்தான், மூக்கை மூக்கில் வைத்தான். அவன் ஜனங்களின் வழக்கம் அது. சமையல்காரரோடும் அப்படித்தான் செய்தான், டகனோடும் செய்தான், நெவிலோடு மட்டும் செய்யவில்லை; அவர் முகம் அப்படி. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு அவன் போய்க் கத்தரியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டான், பாட்டும் ஆரம்பித்துவிட்டான்.

லோர்னா நின்ற இடத்திலேயே நின்றாள். காபி கையில் ஆறியது. ஒன்பது வருஷமாக அவள் முகத்தை வெயிலும் தூசியும் தவிர யாரும் தொட்டதில்லை என்பது நெவிலுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

ஆகஸ்ட் மாதம் அங்கே குளிர்காலம்; காலைகளில் புல்லெல்லாம் உறைபனி. ராவிரி ஸ்வெட்டரோடு வேலை தொடங்குவான். அரை மணி நேரத்தில் உடம்பு சூடேறியதும் கழற்றி ஆட்டுப் பட்டிக் கதவின் மேல் தொங்கவிடுவான். மேசைக்கும் கதவுக்கும் எட்டடிகூட இராது. கொட்டகைக் கதவில் லோர்னாவின் அட்டை ஆடிக்கொண்டிருக்கும். கொட்டகையில் எல்லோரும் ஸ்வெட்டரைப் பார்த்தார்கள், அட்டையைப் பார்த்தார்கள், லோர்னாவைப் பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நெவில்தான் திறந்தார், ஒருநாள் பொதிக்கு மை தடவும்போது.

“உன் அட்டையை நீயே ஒரு தடவை படி.”

“படிச்சிருக்கேன்.”

“யாராயிருந்தாலும்னு எழுதியிருக்க.”

“சொல்றேன் அவன்கிட்ட.”

“எப்ப? அவன் உன் மகன் வயசு லோர்னா.”

“எனக்கு வயசு தெரியும் நெவ். தினமும் கண்ணாடியில பாக்குறேன்.”

“ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். நான் அவன்கிட்ட எதையாவது கேட்டேனா? பாத்துக்கிட்டுதானே இருக்கேன்.” அவள் குரல் தழைந்தது. “பாக்குறதுக்கும் உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?”

“மேசையைப் பாரு. அதுக்குத்தான் உன்னை இங்க நிறுத்தியிருக்கு.”

அவள் அவனிடம் சொல்லவில்லை. வேறு எவனாக இருந்தாலும் ஸ்வெட்டர் அடுப்பில் எரிந்திருக்கும்.

ஏழாவது வாரம், கடைசி நாள், மதிய டீ முடிந்து கடைசி இரண்டு மணி நேர வேலை. மிச்சம் இருந்தது அறுபது எழுபது ஆடுகள். அன்று பகல் முழுக்கக் காற்று சில்லென்று அடித்ததால் ராவிரி ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தான். லோர்னா புதுச் சட்டை போட்டிருந்தாள். காலையிலிருந்து இரண்டு முறை அவனை நோக்கிப் போய், இரண்டு முறையும் பாதியில் திரும்பியிருந்தாள். என்னவோ சொல்லப்போகிறாள் என்று நெவிலுக்குப் பட்டது. ‘சொல்லித் தொலைக்கப் போறா, கடவுளே,’ என்று பட்டது. நாளைக் காலை அவனுக்கு ஊருக்கு விமானம். இன்று விட்டால் இல்லை.

போன் பேசியவன் ஓடி வந்தான். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, முதல் தரக் கம்பளி கிடந்த பெரிய தொட்டியின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, மறுபக்கம் நின்ற லோர்னாவின் முகத்துக்கு நேரே குனிந்தான்.

“ஆன்ட்டி! என் பெண்டாட்டி மெரே இப்பதான் சொன்னா. நான் அப்பா ஆகப் போறேன் ஆன்ட்டி! உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்!”

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. லோர்னா அவன் முகத்தையே பார்த்தாள். நெவில் லோர்னாவின் முகத்தையே பார்த்தார். விளக்கில் எண்ணெய் தீர்ந்தால் சுடர் ஒரு நொடி உயர்ந்துவிட்டுத் தாழுமே, அப்படி ஏதோ அந்த முகத்தில் நடந்தது. பிறகு அவள் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள்.

“நல்ல சேதி கண்ணு. பெண் குழந்தையா இருக்கட்டும். உன்னை மாதிரி பாடட்டும்.”

“மார்ச்சுல ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வருவேன் ஆன்ட்டி. நீங்கதான் முதல்ல தூக்கணும்.”

மணி அடித்தது. அவன் ஓடினான். லோர்னா கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். குழாய் வெகுநேரம் ஓடும் சத்தம் கேட்டது. மழையில்லாத வருஷத்தில் அப்படித் தண்ணீரை விடுகிறவள் இல்லை அவள். நெவில் அந்தப் பக்கமே பார்த்தபடி பெரிய தொட்டியிலிருந்து மயிரைக் கை கையாக அள்ளி இயந்திரத்தில் திணித்தார், அழுத்தினார், தைத்தார். தகட்டை வைத்து மை தடவினார். பண்ணையின் முதல் தரம். முப்பத்தேழாம் பொதி.

ராவிரி போய்விட்டான். வேனில் ஏறும்போது அவன் மேல் ஸ்வெட்டர் இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

மார்ச் மாதம் அவர்கள் வேறொரு பண்ணையில் இருந்தார்கள். காலை டீ வேளையில் டகன் வண்டியை விட்டு இறங்கி நேராக உள்ளே வந்தார். கையில் கடிதம், ஒரு சின்ன பிளாஸ்டிக் பை. பையை டீ மேசையில், கேக்குக்குப் பக்கத்தில் போட்டார். உள்ளே விரல் நீளத்துக்குப் பின்னல் பிரிந்த நூல். மயில் கழுத்து நீலம்.

“பூலிகல் பண்ணைப் பொதி. முப்பத்தேழு. ஆலைக்காரன் ஓட்டின துணி பூரா நீலக் கோடு. பண்ணைக்காரன் என் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு முழு ஸ்வெட்டரே உள்ள இருந்திருக்கு!” டகன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “யாரோடது?”

யாரும் கேக்கைக் கடிக்கவில்லை. கொட்டகையில் யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை, அது அங்கே பால்குடியிலிருந்து வருவது. ஆனால் எட்டுப் பேருக்கும் அந்த நீலம் தெரியும்.

நெவிலுக்கு அப்போதுதான் எல்லாம் ஒழுங்காக வந்து நின்றது. தோளில் கிடந்த ஸ்வெட்டர், தொட்டியின் மேல் குனிந்த தோள், அவர் பார்க்காமல் அள்ளிய அள்ளல். காது இரண்டும் சூடாயின.

“லோர்னா, உன் நம்பர் அடிச்சிருக்கு,” என்றார் டகன். குரல் கொஞ்சம் இறங்கியது. அவருக்கும் அவள் மேல் மரியாதை உண்டு. “எவனோ உன் பேச்சை மீறிக் கொண்டாந்திருக்கான். பேரைச் சொல்லு. நான் எழுதிடுறேன், அவனை வெளிய அனுப்பியாச்சுன்னு. உனக்கு ஒரு எச்சரிக்கையோட போயிடும். அந்த மவோரிப் பயலா? அவன் இன்னைக்கு மத்தியானம் வர்றான், பெண்டாட்டி பிள்ளையோட. அவன்தான்னா இப்பவே சொல்லு. இறங்கவே வேணாம், அப்படியே திரும்பிப் போகட்டும்.”

லோர்னா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

“என்னோடது,” என்றாள்.

“என்னது?”

“ஸ்வெட்டர் என்னோடது டகன். குளிருக்குப் போட்டிருந்தேன். கழட்டி வெச்சேன், தொட்டிக்குள்ள விழுந்துடுச்சு.”

“நீயா? சாயம் போட்ட கம்பளி? கொட்டகைக்குள்ள? நீ?”

“நான்தான்.”

நெவில் எழுந்தார். “டகன், இவ சொல்றது...”

“நெவ்,” என்றாள் லோர்னா. அதட்டவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் குரலில் அவள் அவர் பேரைச் சொன்னதில்லை. அவர் வாய் திறந்தபடி நின்றது, பிறகு மூடிக்கொண்டது. அப்படி மூடியதற்காக அவர் பிற்பாடு பல நாள் தன்னையே திட்டிக்கொண்டார்.

டகன் நெற்றியைத் தேய்த்தார். “பிரிக்கிறவளே போட்டான்னு எழுதினா நம்பர் கொடுத்தவங்க எச்சரிக்கையோட விடமாட்டாங்க. இனிமே உன் நம்பர் விழுந்த பொதியை எந்தப் பண்ணைக்காரன் அனுப்புவான்? யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சாச்சு.”

அவள் எழுந்து போய்த் தன் பெட்டியைத் திறந்தாள். தகட்டை எடுத்தாள். ஓரமெல்லாம் மை காய்ந்து கறுத்துப்போன பழைய தகரம். கால்சட்டையில் ஒருதரம் தேய்த்து டகனிடம் நீட்டினாள். டகன் வாங்கவில்லை. “மேசையில வை,” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு யாராலும் டீ குடிக்க முடியவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு ராவிரி வந்தான். மெரே என்கிற பெண் சின்னதாக, சிரித்த முகமாக இருந்தாள். கையில் துணிச் சுருள், அதற்குள்ளே ஒரு மாதக் குழந்தை. கொட்டகைக் கூட்டம் மொத்தமும் வெளியே வந்தது. நடந்ததை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

“ஆன்ட்டி! சொன்ன மாதிரியே பொண்ணு!”

குழந்தையை நேராக லோர்னாவின் கையில் வைத்தான். அவள் கம்பளித் தரம் பார்க்கிற அதே விரலால் அதன் தலைமுடியைத் தொட்டாள்.

“ரொம்ப மெல்லிசு,” என்றாள். “முதல் தரம்.”

ராவிரி தலையைச் சொறிந்தான். “ஆன்ட்டி, ஒண்ணு சொல்லணும். கோபப்படக்கூடாது. அந்த ஸ்வெட்டர் தொலைஞ்சு போச்சு. விமான நிலையத்துல விட்டுட்டேன் போல. இவகிட்ட எவ்வளவு திட்டு வாங்கினேன் தெரியுமா?”

“ஆமா ஆன்ட்டி,” என்றாள் மெரே, “ஒரு கிழவி பாசமா பின்னிக் கொடுத்ததைப் போய்...” சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். “மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி. அப்படிச் சொல்ல வரலை.”

“சரியாத்தான் சொன்ன,” என்றாள் லோர்னா. “போனா போகுது. இவளுக்கு ஒண்ணு பின்னித் தர்றேன். வெள்ளையில.”

நெவில் திரும்பிக்கொண்டு ஆட்டுப் பட்டியைப் பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

நாலு மணி போல லோர்னா தன் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பெட்டி, ஒரு படுக்கை, மடக்கு நாற்காலி, ஆணியிலிருந்து கழற்றிய அட்டை. உள்ளே இயந்திரங்கள் இரைந்தன, அதற்கு மேல் ராவிரியின் பாட்டு. நெவில் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்.

“எங்க போற?”

“மக வீட்டுக்கு. கொஞ்ச நாளைக்கு.”

“அப்புறம்?”

“தெரியலை.”

“அவன் உள்ள பாடிக்கிட்டு இருக்கான். அவனுக்கு இது தெரியவே தெரியாது.”

“தெரியக்கூடாது.”

“போய்ச் சொல்றேன் நான்.”

“சொல்லமாட்ட.”

சொல்லமாட்டார்தான். அதுதான் அவருக்குக் கோபம்.

“உண்மையைச் சொல்லு லோர்னா. அவனைக் காப்பாத்தத்தான் செஞ்சியா? இல்ல, அவனோடதுன்னு சொன்னா யார் பின்னினா, நீ ஏன் பாத்துக்கிட்டு சும்மா இருந்தேன்னு டகன் கேப்பான், அந்தப் பேச்சுக்குப் பயந்து செஞ்சியா?”

அவள் படுக்கையைக் கட்டிய கயிற்றை இறுக்கினாள்.

“ரெண்டும்தான்னு வெச்சுக்கோ.”

“வெள்ளையா பின்னியிருந்தா ஒரு பயலுக்கும் தெரிஞ்சிருக்காது. கம்பளியோட கம்பளியா போயிருக்கும். நம்ம தொழில்ல இருக்குற எவளும் செய்யாத முட்டாத்தனம். எதுக்குடி அந்த நீலம்?”

நெவில் ஒருநாளும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“அங்க குனிஞ்சு நிக்கிறப்ப எல்லா முதுகும் ஒரே மாதிரிதான் இருக்கும் நெவ். தலையைத் தூக்கிப் பாத்தா நீங்கள்லாம் பாப்பீங்க. தலையைத் தூக்காம, ஓரக்கண்ணால ஒரு நொடி பாத்தாப் போதும், அவன் எங்கன்னு தெரியணும். அதுக்குத்தான்.”

“அரை மணி நேரத்துல கழட்டிடுவானே!”

“அந்த அரை மணி எனக்குப் போதுமா இருந்துச்சு.”

“முப்பத்தொரு வருஷத்தைத் தூக்கி அந்த அரை மணிக்கா கொடுத்த?”

“தினமும் அரை மணி,” என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வாய் கோணிக்கொண்டது. வண்டிக் கதவைப் பிடித்தபடி சற்று நின்று, புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். “கென் போனப்பகூட நான் இப்படி இல்ல. காலையில எழுந்ததும் கால் தானா நடக்கும். எனக்குள்ள எதுவும் மிச்சம் இருக்குன்னே எனக்குத் தெரியாது நெவ். இருந்துச்சு. அதுக்கு ஒரு தகரம் போனா போகட்டும். நான் எதையும் இழக்கலை.”

“அழுதுகிட்டே சொல்ற.”

“அழறது வேற.”

நெவில் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது.

“அந்தத் தொட்டியை அள்ளினது நான். அள்ளுறவனும் பாக்கணும். நான் பாக்கலை. பாதித் தப்பு என்னோடது.”

“நீ பாக்காம அள்ளுற ஆள் இல்லையே,” என்றாள் லோர்னா. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள். “அப்ப நீ எங்க பாத்துக்கிட்டு இருந்த?”

உள்ளே ஒரு ஆடு கத்தியது. நெவில் அவள் வண்டியின் சக்கரத்தைப் பார்த்தார். காற்றுக் குறைந்திருந்தது. “டயருக்குக் காத்து அடிச்சுட்டுப் போ. வழியில நின்னுடும்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

எதையும் இழக்கவில்லையாம். இழக்காதவளுக்கு முகம் இப்படியா இருக்கும்? அரை மணி போதுமாம். அறுபது வயதில் இதையெல்லாம் பேசவும் ஒருத்தி, நின்று கேட்கவும் ஒருத்தன். பின்னால் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கொட்டகைப் படியில் ஏறும்போது, ஆணி மட்டும் மிஞ்சியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு, ‘சும்மா பேச்சு, எல்லாம் சும்மா பேச்சு’ என்று முணுமுணுத்தபடி நெவில் உள்ளே போனார்.